ஒற்றை ஆள் ஸ்டாண்டு

கிளாடிஸுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த வயதில் அவள் புத்தி இப்படிப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை சாத்தான்குளம் பக்கத்துச் சபை ஒன்றின் குருவானவர், தேவபிரசாதம் ஐயர். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஓர் ஐயருக்கு மனைவி தவறிவிட்டால் வருஷம் திரும்புவதற்குள் சபையாரே ஊர் ஊராக விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணமாகாத டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்து மூலையில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். மில்லர்புரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்களுக்கு நான்தான் காப்பி போட்டேன், வேண்டுமென்றே சீனி குறைத்து. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் அவளோடு சண்டை போட எனக்கு அந்த நாட்கள் கிடைத்தன. ஈஸ்டர் முடிந்த கையோடு அவள் ஐயரம்மா ஆகிவிட்டாள்.

நான் ஞானதீபம். கிளாடிஸும் நானும் தூத்துக்குடியில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் விஞ்ஞானம், அவள் பூகோளம். ஒரே வீட்டில் குடியிருந்தோம், ஒரே அடுப்பில் சமைத்தோம். நான் நெட்டை, அவள் குட்டை. நாங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

எங்களுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சனிக்கிழமைதான். விடிந்ததும் துறைமுகத்துப் பஸ்ஸைப் பிடித்து உப்பளத்தில் இறங்கிவிடுவோம். அங்கே கடல்தண்ணீரை முதலில் தேக்கிவைக்கிற பெரிய தெப்பங்கள் உண்டு. மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தத் தெப்பங்களில் பூநாரைகள் வந்து இறங்கும். தலையைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு, குனிந்த பிள்ளைகள் போல மேய்ந்துகொண்டே இருக்கும். அவற்றை நாங்கள் படம் எடுத்தோம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு மிஷனெரி அம்மா என்னிடம் விட்டுப்போன ஜப்பான் கேமராவும் நீள லென்சும் இருந்தன. ஃபிலிம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் ஆளுக்கு ஒரு படம் என்று முறை வைத்திருந்தோம். முதல் படம் எப்போதும் கிளாடிஸுக்கு. அவள் எடுத்ததும் நகர்ந்துகொள்வாள், அடுத்தது நான். என் முறை வரும்போது அவள் பக்கத்தில் நின்று பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்து, அவை தலையை நிமிர்த்துகிற நேரத்தில் "இப்பம், இப்பம்" என்று சொல்லுவாள்.

கேமராவை நிறுத்துகிற ஸ்டாண்டு கிளாடிஸுடையது. எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த அவள் அப்பா செல்வதுரை தேக்கில் செய்து பித்தளைப் பூண் போட்டது. ஊர் முழுக்க எத்தனை கல்யாணம், எத்தனை திடப்படுத்தல் ஆராதனை என்று அது பார்த்திருக்கும். மகா கனம். ஓர் ஆள் தூக்குகிற பொருளே அல்ல. அவள் முன்னால் பிடிப்பாள், நான் பின்னால் பிடிப்பேன், தெப்பத்து வரப்பில் வரிசையாக நடப்போம். உப்புப் பாத்தி மிதிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், "டீச்சர்மாரே, யாரத் தூக்கிட்டுப் போறீக?" என்று. கிளாடிஸ் சளைக்காமல், "எங்க ஹெட்மிஸ்ட்ரஸத்தான்" என்பாள். அந்தச் சிரிப்பு அடங்கப் பாதி வரப்பு தாண்டிவிடும்.

உப்புக் காற்றில் அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் இறுகிப்போயிருந்தன. முதல் தடவை கொண்டுபோன அன்று கிளாடிஸுக்கு எட்டுகிற மாதிரி ஒரு முறை நிறுத்தினோம், அதற்குப் பிறகு யாராலும் அவற்றை அசைக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். கிளாடிஸ் தைலம் போட்டு நீவிவிடுவாள். "நாற்காலியில ஒழுங்கா நிமிந்து உக்காரணும்ளா. எப்பப் பாத்தாலும் கோணிக்கிட்டே பேப்பர் திருத்துனா முதுகு என்னத்துக்காவும்?" என்று திட்டிக்கொண்டே நீவுவாள்.

வேலையை விட்டுக் கல்யாணமாகிப் போகும்போது ஸ்டாண்டை அவள் எடுத்துப்போகவில்லை. "இது இங்கனயே கெடக்கட்டும். நான் எங்க போயிரப் போறேன்? சனிக்கிழமை சனிக்கிழமை வருவேம்லா," என்றாள். அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, அதன் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

வரவில்லை. ஒரு சனிக்கிழமைகூட வரவில்லை. ஐயர் வீட்டில் சனிக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், அவ்வளவுதான். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர்களை மேய்க்க வேண்டும், நோயாளிகள் வீட்டைச் சந்திக்க வேண்டும், பெண்கள் ஐக்கிய சங்கம் வேறு. மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய?

தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். நிம்மதியாகப் படிக்கலாம், நினைத்த நேரம் சாப்பிடலாம், பக்கத்து அறையிலிருந்து கீர்த்தனை கேட்காது என்று அடுக்கினேன். அத்தனையும் பொய். சாயங்காலம் வீட்டைத் திறந்தால் காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். 

மழை விட்டதும், பூநாரை வந்துவிட்டது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். இவள் வந்தால்தான் நான் போக வேண்டுமா என்று ஒரு வீராப்பில் அந்த மரஸ்டாண்டை நானே தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட் போடணும் போலிருக்கே" என்றான். நான் முறைத்த முறைப்பில் அடுத்த ஸ்டாப் வரை வாயைத் திறக்கவில்லை. வரப்பில் நடந்தபோதுதான் சங்கதி புரிந்தது. முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கம் தூக்கியது. நான் ஒரு பக்கம் திரும்பினால் அது இன்னொரு பக்கம் இழுத்தது. பாதி வழியில் கால் வழுக்கி, ஸ்டாண்டு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். கேமரா கழுத்தில் கிடந்ததால் தப்பித்தது. சேலையெல்லாம் சேறு. பாத்தி மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "இன்னொரு டீச்சரு வரலியா?" என்று கேட்டாள்.

படம் எடுக்காமலே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்டாண்டைக் கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே சாய்த்துவைத்துவிட்டு அழுதேன். சும்மா கண் கலங்கினேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாக அழுதேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், தையல் டீச்சர் கிருபாபாய் என்னைத் தேடிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அவளுக்கு ஊர் சாத்தான்குளம். வாராவாரம் போய் வருவாள், கிளாடிஸைப் பற்றிய செய்தி எனக்கு அவள் மூலமாகத்தான் வரும்.

"ஐயரம்மா சொல்லிவிட்டாவ," என்றாள். "வார சனிக்கிழம விட்டு அடுத்த சனிக்கிழம இங்க வாராவளாம்."

 சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "என்ன விசேஷம்?" என்றேன்.

"அந்த மரஸ்டாண்ட எடுத்துட்டுப் போவ வாராவ. கிராமத்துல ஜெபக்கூட்டம் நடத்துதாங்கல்லா, பெட்ரோமாக்ஸ் லைட்டு வைக்க ஒசரமா ஒண்ணு வேணுமாம். பிரதிஷ்டப் பண்டிக அசனத்துக்குச் சமையல்காரங்களுக்கும் ஆகும்னு ஐயரு சொன்னாராம்."

தேக்குக் கட்டையில் பித்தளைப் பூண் போட்டு ஒரு மனிதர் இழைத்து இழைத்துச் செய்த ஸ்டாண்டின் மேல் பெட்ரோமாக்ஸ்! அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற இடத்தில் வெளிச்சம்! அன்று ஆய்வுக்கூடத்தில் இரண்டு சோதனைக்குழாய்கள் உடைந்தன. பிள்ளைகள் மேல் பழி வரவில்லை, உடைத்தது நான்தான்.

கோபம் ஸ்டாண்டுக்காக இல்லை என்பது எனக்கே தெரியும். அது சுவரோரம் நிற்கிறவரை கிளாடிஸின் பொருள் ஒன்று என் வீட்டில் இருந்தது. என்றைக்காவது ஒரு சனிக்கிழமை அவள் வரத்தான் வேண்டும் என்பதற்கு அது ஒரு சாட்சி மாதிரி. அதையும் கொண்டுபோய்விட்டால் பிறகு எதற்காக வரப்போகிறாள்? அந்த இரவு முழுக்கப் புரண்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் வந்து நிற்கும்போது என்னிடம் சொந்த ஸ்டாண்டு இருக்க வேண்டும். இலேசானதாக, ஒற்றைக் கையில் தூக்குகிறதாக, ஒருத்தி மட்டும் போய் வரத் தோதானதாக. "எடுத்துட்டுப் போ தாயி, எனக்கு எதுக்கு?" என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஊருக்குள் ஒரு ஸ்டுடியோவில் விசாரித்தேன். அண்ணாச்சி உள்ளே கூட்டிப்போய் இரும்பில் ஒன்றைக் காட்டினார். அதன் காலில் சின்னச் சக்கரம் வேறு. "இது ஸ்டுடியோவுக்குள்ள நிக்கது டீச்சர். தூக்கிட்டு அலையவா கேக்கீக?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, காயல்பட்டினத்தில் ஹாங்காங் சாமான் விற்கிற ஒரு வீட்டை அடையாளம் சொன்னார். வீட்டுக்காரர் அங்கேயிருந்து அனுப்புவாராம், இங்கே அவர் சம்சாரம் விற்பாளாம்.

அடுத்த நாள் சாயங்காலம் போனேன். காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாட வீடுகளுக்குப் பின்னால் தனி முடுக்குகள் உண்டு. வழி கேட்டவர்கள் எல்லாரும் என்னை அந்த முடுக்குக்குள்ளேயே திருப்பிவிட்டார்கள். வெள்ளையடித்த இரண்டு சுவர்களுக்கு நடுவே, எதிரே ஒருத்தி வந்தால் ஒதுங்கி நிற்கிற அளவுதான் இடம். அந்த வீட்டின் பின்வாசலில் அவர் சம்சாரம் ஆமினா நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம், அரிசி அளந்த கை வெளுத்திருந்தது.

"கேமரா ஸ்டாண்டா? ரெண்டு கெடக்கு, வாங்க டீச்சர்," என்று முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். செண்ட்டு பாட்டில்களும் நைலான் சேலைகளும் அடுக்கிய ஓர் அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டையும் இழுத்தாள். "எங்க வீட்டு மாப்பிள அனுப்புனது. இது எதுக்குங்கன்னு கேட்டேன், வந்து சொல்றேன்னாக."

"எப்ப வாராங்க?"

"வருவாக," என்றாள். 

இரண்டும் அலுமினியம். ஒன்று கொஞ்சம் தடித்தது, ஒவ்வொரு காலும் மூன்று துண்டாக நீண்டது. மற்றது ஒல்லி, கால்கள் நான்கு துண்டு. மடக்கினால் என் துணிப்பைக்குள் அடங்கிவிடும். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். தடித்ததும் கனமில்லைதான். ஆனால் ஒல்லியைப் பிடித்த கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை. எட்டு மாதமாகத் தனியாக இருக்கிறவளுக்கு அந்த இலேசு ஒரு பெரிய சலுகை மாதிரி இருந்தது.

இருந்தாலும் நான் விஞ்ஞானம் நடத்துகிறவள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று வாங்கிவிடவில்லை. முற்றத்தில் இரண்டையும் விரித்து நிறுத்தினேன். மேலே கையை வைத்து அழுத்தினேன். ஒல்லியின் கடைசித் துண்டு பென்சில் பருமன்தான், அழுத்தினால் லேசாக வளைந்தது. அடியில் என் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஆட்டம் நின்றது. காற்றுக்கு இது போதும் என்று தோன்றியது. கால் நுனியில் ரப்பர் குப்பி இருந்தது, சேற்றில் பரவாயில்லாமல் நிற்கும். நடுவில் ஒரு தண்டு இருந்தது. அதை உயர்த்தினால் மேல்பகுதி நாணல் மாதிரி ஆடியது.

கேமராவை மாட்டி, முற்றத்துக்கு மேலே தெரிந்த தென்னை மரத்தைப் பார்த்தேன். ஒல்லியின் கால்களை முழுக்க இழுத்துவிட்டிருந்தேன். போய்க் கண்ணை வைத்ததும் எல்லாம் சரியாக இருந்தது. கை தானாக லென்ஸுக்குப் போயிற்று. பழகின இடத்துக்குத் திரும்பி வந்த மாதிரி ஒரு சுகம்.

பிறகு தடித்ததில் மாட்டினேன். ஆமினா அதன் கால்களை முழுசாக இழுத்துவிட்டாள். "இது ரொம்ப ஒசரமா இருக்கு," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் ஒசரந்தானே டீச்சர். அந்தச் சின்னது பத்துமா? நடுத்தண்ட வேணா ஏத்திக்கிறீங்களா?"

"ஏத்தினா ஆடுது. ஏத்தவே வேண்டாம், இதுவே சரியா இருக்கு."

"தொணைக்குத் தூக்க ஆள் வருவாகளா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"அப்ப இதே இருக்கட்டும்," என்று ஒல்லியை மடக்கி உறையில் போட்டாள். "ஒத்துவரலன்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன். அது எங்கயும் போவாது, இங்கனதான் கெடக்கும்."

முடுக்கு வழியாகத் திரும்பி நடந்தபோது பை கையில் இருக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அத்தனை இலேசு.

அந்தச் சனிக்கிழமை கிளாடிஸ் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். கையில் கறுப்புக் குடை, பை நிறையப் பனங்கிழங்கு. வாசலில் நின்றபடியே, "ஏளா ஞானம், என்ன இப்படி எலும்பாப் போயிட்டே?" என்றாள். எத்தனையோ வசவுகளைத் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "காப்பி குடிக்கியா?" என்றேன்.

காப்பிக்குப் பிறகு புது ஸ்டாண்டை உறையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தேன். அவள் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, "அய்ய, கொடக்கம்பி கணக்கால்ல இருக்கு!" என்று சிரித்தாள். பிறகு சுவரோரம் நின்ற மரஸ்டாண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இத நான் எடுத்துட்டுப் போனா ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எடுத்துட்டுப் போ தாயி. எனக்கு எதுக்கு?" என்றேன். திட்டமிட்டபடியே சொல்லிவிட்டேன், அலட்சியம்தான் சரியாக வரவில்லை.

மத்தியானப் பஸ்ஸுக்கு அவள் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு நடை உப்பளத்துக்குப் போய்வரலாம் என்று அவளேதான் சொன்னாள். புதுத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வரப்பில் இறங்கி நடந்தோம். ஸ்டாண்டு என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. தூக்க ஒன்றும் இல்லாததால் கிளாடிஸுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே வந்தாள். பாத்தி மிதித்த பெண்கள் அவளைக் கண்டதும் கையசைத்தார்கள். யாரைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பூநாரைகள் நின்றன. தெப்பத்தின் நடுவில், வெள்ளையும் ரோஜாநிறமுமாக, வாடைக்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நான் ஸ்டாண்டின் கால்களை முழுக்க இழுத்து வரப்பில் ஊன்றி, அடியில் பையைத் தொங்கவிட்டு, கேமராவை மாட்டினேன்.

"மொதல்ல நீ," என்றேன்.

கிளாடிஸ் வந்து கண்ணை வைத்தாள். குனியவில்லை, எக்கவில்லை, நேரே வந்து நின்று பார்த்தாள். "ஆஹா," என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்து ஒரு படம் எடுத்தாள். ஃபிலிமைச் சுற்றிவிட்டு எப்போதும்போல் இடதுபக்கம் நகர்ந்தாள். நான் போய் நின்றேன்.

"இப்பம்" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பறவைகள் தலையை நிமிர்த்தின, திரும்பவும் தாழ்த்தின.  கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் பறவைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஏன் இப்படி வளைஞ்சு நிக்கே?"

"எப்பவும் இப்படித்தான நிப்பேன்."

"எப்பவுமா?"

"பின்ன? ஒங்க அப்பா ஸ்டாண்டு என்ன, எனக்காகவா நீளும்?"

"அது திருகு எறுகிப்போயிட்டு. இது புதுசுல்லா. கால இழுத்து ஒசத்து."

"இவ்வளவுதான் நீளும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்கென்று, நான் ஒருத்தி மட்டும் போய்வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்டாண்டு, கிளாடிஸின் கண் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. காயல்பட்டினத்து முற்றத்தில் குனிந்து நின்றுகொண்டுதான் இது சரியான உயரம் என்று சொல்லியிருக்கிறேன். குனிந்தது எனக்குத் தெரியவே இல்லை.

கிளாடிஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் பூகோளம் நடத்தினவள், உயரம் பள்ளம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அப்ப அந்த முதுகுவலி..." என்று ஆரம்பித்தாள்.

"வயசாவுதுல்லா," என்றேன்.

"நான் நாக்காலியத் திட்டிட்டு இருந்தேன்," என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ எக்கி எக்கிப் பாக்கணும். எனக்குக் குனியத் தெரியும்."

காற்றில் அவள் குடை மடங்கிக்கொண்டது. அதை நிமிர்த்துவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "கடையில இது ஒண்ணுதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான் இருந்துச்சு," என்றேன்.

அவள் நம்பவில்லை. 

மரஸ்டாண்டை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்கிப்போனோம். அவள் முன்னால், நான் பின்னால். அவளுடைய கொண்டையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று இருந்தது. பஸ்ஸின் மேலே கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் அதைப் படுக்கவைத்துக் கட்டினார்கள். கிளாடிஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, அந்த ஸ்டாண்ட மாத்திக்கிடு. எங்கயாவது தேடி ஒன் ஒசரத்துக்கு ஒண்ணு வாங்கு. கேட்டியா?"

அன்பாகத்தான் சொன்னாள். என் முதுகு நோகக்கூடாது என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி நீ மட்டும்தான் பார்க்கப்போகிறாய், எனக்கு எட்டுமா என்று யோசிக்காதே என்பதுதான். அவள் இனி வரமாட்டாள் என்பதை அவள் வாயாலேயே, கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பிரியமாகக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. "சரி," என்றேன். பஸ் கிளம்பி, முனையில் திரும்புகிறவரை மேலே ஸ்டாண்டின் பித்தளைப் பூண் மின்னியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் காயல்பட்டினம் போனேன். ஆமினா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தடித்ததை அலமாரிக்கடியிலிருந்து எடுத்து முற்றத்தில் விரித்தாள். "நிமிந்து நில்லுங்க டீச்சர்," என்றாள். நின்றேன். கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி என் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தாள். பழைய தென்னை மரம்தான் தெரிந்தது. முதுகு நேராக இருந்தது, கழுத்து நோகவில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"இப்ப ஒத்துவருதா?"

"ஒத்துவருது," என்றேன். ஒல்லியை அவள் உறையில் போட்டு மறுபடியும் அலமாரிக்கு அடியில் தள்ளினாள். அது உள்ளே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை தனியாக உப்பளத்துக்குப் போனேன். விழவில்லை, வழுக்கவில்லை, யாரும் வந்து தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. பாத்தியில் நின்ற பெண்களிடம் நானே முந்திக்கொண்டு, "அந்த டீச்சர் வர மாட்டா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெப்பத்தில் பறவைகள் முன்பைவிட அதிகமாக இருந்தன. ஸ்டாண்டை விரித்து, கால்களை என் உயரத்துக்கு இழுத்துப் பூட்டி, பையைத் தொங்கவிட்டேன். முதன்முதலாக நிமிர்ந்து நின்று பூநாரையைப் பார்த்தேன். காற்று ஓய்ந்த ஒரு நேரத்தில் கூட்டம் மொத்தமும் தலையை நிமிர்த்தியது. யாரும் "இப்பம்" என்று சொல்லாமலே படம் எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஃபிலிமைச் சுற்றினேன். குனிந்து, ஒவ்வொரு காலாகப் பூட்டைத் தளர்த்தி, ஸ்டாண்டைக் கீழே இறக்கி, திரும்பவும் பூட்டினேன். அவசரப்படாமல், மூன்று கால்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். பிறகு இடதுபக்கம் நகர்ந்து நின்று, பறவைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். கேமரா கிளாடிஸின் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த படம் அவளுடைய முறை.